சீட்டில்லாமல் மருந்து வாங்குகிறீர்களா? முதலில் அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

தலைவலி, சளி, லேசான காய்ச்சல், நெஞ்செரிச்சல், ஓரிரு நாள் வயிற்றுப்போக்கு. இதற்கெல்லாம் ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் ஓட முடியாது, ஓடவும் தேவையில்லை. மருந்துச்சீட்டு கேட்காமல் கொடுக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட மருந்துகள் இதற்காகத்தான் இருக்கின்றன. சரியாகப் பயன்படுத்தினால் அவை நல்ல மருந்துகள்தான். ஆனால் இங்கே மருத்துவர் செய்கிற வேலை முழுவதும் நம் தலையில் விழுகிறது. என்ன கோளாறு என்று கணிப்பது, எந்த மருந்து என்று தேர்ந்தெடுப்பது, அளவு பார்ப்பது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுப்பது எல்லாமே நாம்தான்.

முதன்முறையாகத் தனியாக வாழப் போகிறவர்கள், புதிதாகப் பெற்றோர் ஆனவர்கள், வயதான அம்மா அப்பாவின் மருந்துகளைக் கவனிக்கத் தொடங்கியிருப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். குழந்தைகளுக்கான பகுதியைத் தவிர, கீழே சொல்லும் அளவுகள் வேறு நோய் இல்லாத பெரியவர்களுக்கானவை. உங்கள் கையில் இருக்கும் மருந்தின் லேபிள் வேறு அளவு சொன்னால் லேபிளையே பின்பற்றுங்கள்.

1. இதை நாமே பார்த்துக்கொள்ளலாமா?

மாத்திரையைத் தேடுவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். வழக்கமாக வருகிற, என்னவென்று தெரிந்த, லேசான தொந்தரவு என்றால் சரி. கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

- நெஞ்சு இறுக்கம், அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, கூடவே வியர்வை. இதை வாயு என்று நினைத்து அமில மருந்து குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது உயிருக்கே ஆபத்து.
- சில நொடிகளில் உச்சத்துக்குப் போகும், இதுவரை வந்தேயிராத அளவு கடுமையான தலைவலி. காய்ச்சலோடு கழுத்து விறைத்துப் போவது.
- முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது.
- மூச்சுத் திணறல், மலத்திலோ வாந்தியிலோ ரத்தம், தார் போன்ற கறுப்பு மலம்.
- மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். குழந்தை நன்றாக விளையாடினாலும் இதில் விதிவிலக்கு கிடையாது.

பெரியவர்களுக்குக் காய்ச்சல் மூன்று நாளில் இறங்கவில்லை என்றாலும், வலி மேலும் மேலும் கூடுகிறது என்றாலும் சுயமருத்துவத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

2. பிராண்ட் பெயரை விட்டுவிட்டு உட்கூறைப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால் அது இந்தப் பகுதியாக இருக்கட்டும் என்பது என் ஆசை.

மாத்திரை அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அட்டையைத் திருப்பினால் பொடி எழுத்தில் இன்னொரு பெயரும் அதன் பக்கத்தில் மில்லிகிராம் கணக்கும் இருக்கும். பாராசிட்டமால் 500, இபுப்ரோஃபென் 400, செட்ரிசின் 10 என்பது போல. உடலுக்குள் போய் வேலை செய்வது அதுதான். ஒரே உட்கூறு எத்தனையோ பெயர்களில் விற்கப்படுகிறது. பெயர் வேறாக இருப்பதால் மருந்தும் வேறு என்று நினைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வதில்தான் மிகுதியான விபரீதங்கள் தொடங்குகின்றன.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இதற்கு அசிட்டமினோஃபென் என்று பெயர், இரண்டும் ஒன்றே. ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் முதல் 1 கிராம் வரை, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டாமல் என்பது பெரியவர்களுக்கான பொதுவான எல்லை. 50 கிலோவுக்குக் குறைவான எடை, கல்லீரல் நோய், தொடர் மதுப்பழக்கம் இருப்பவர்களுக்கு இந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். அவர்கள் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

ஒருவருக்குக் காய்ச்சல், உடம்புவலி. 500 மி.கி. மாத்திரையை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டாகப் போடுகிறார். அதுவே ஒரு நாளைக்கு 4 கிராம், எல்லையின் விளிம்பு. கூடவே மூக்கடைப்புக்கு என்று ஒரு சளி மாத்திரையை மூன்று வேளை போடுகிறார். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அதில் 500 மி.கி. இருந்தால் மேலே ஒன்றரை கிராம் ஏறுகிறது. அவரைக் கேட்டால் எல்லாவற்றையும் சரியான அளவில்தான் போட்டேன் என்பார். கணக்கு ஐந்தரை கிராம். இதையே நாலைந்து நாள் தொடர்ந்தால் கல்லீரல் தாங்காமல் போகலாம்.

650 மி.கி. மாத்திரையிலும் கவனம் வேண்டும். இரண்டு மாத்திரை போட்டுப் பழகிய கை அதிலும் இரண்டை எடுக்கும். ஒரே வேளையில் 1.3 கிராம் ஆகிவிடும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாராசிட்டமால் உடலில் சிதையும்போது நச்சுப் பொருள் ஒன்று சிறிதளவு உண்டாகிறது. கல்லீரலில் இருக்கும் குளூட்டாதயோன் அதை அவ்வப்போது முறித்துவிடும். அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களையே தாக்கத் தொடங்குகிறது. முதல் நாள் குமட்டல் தவிர ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். பாதிப்பு வெளியே தெரிய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீனோ முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் மிக நன்றாக வேலை செய்யும். அதிக அளவு போட்டுவிட்டோம் என்று தெரிந்த நிமிடமே, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டியது இதனால்தான். பிரிட்டனில் 1998இல் ஒரு பெட்டியில் இத்தனை மாத்திரைதான் இருக்கலாம் என்று சட்டம் போட்டுக் குறைத்தார்கள். அதன்பின் பாராசிட்டமால் மிகையால் நேரும் சாவுகள் குறைந்தன.

வலிமருந்துகளில் இன்னொரு குடும்பம் உண்டு: ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன். பெயர்கள் வேறானாலும் வேலை ஒன்றுதான். இவற்றில் இரண்டைச் சேர்த்துப் போட்டால் நிவாரணம் இரட்டிப்பாகாது, இரைப்பைப் புண்ணும் ரத்தக்கசிவும்தான் கூடும். வலியை உண்டாக்கும் அதே வேதிப்பொருள்கள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் சீராகப் போக உதவுவதும். மருந்து வலியை மட்டும் தேர்ந்தெடுத்து அடக்காது, அந்தக் காவலையும் சேர்த்தே குறைக்கும். இபுப்ரோஃபென் சீட்டில்லாமல் போடுவதானால் ஒரு நாளைக்கு 1200 மி.கி.தான் எல்லை. வெறும் வயிற்றில் வேண்டாம். டெங்கு இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள காய்ச்சலில் இந்தக் குடும்பமே கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான்.

3. குழந்தைகளுக்கு எடைக் கணக்கு

குழந்தைகளுக்கு வயதைவிட எடையே சரியான அளவுகோல். பாராசிட்டமால் என்றால் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 முதல் 180 மி.கி. இதுவரை சுலபம். குழப்பம் பாட்டிலில் இருக்கிறது.

ஒரு சிரப்பில் 5 மில்லியில் 120 மி.கி. இருக்கும். இன்னொன்றில் அதே 5 மில்லியில் 250 மி.கி. இருக்கும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 மி.கி. இருக்கும். அளவு குறைவாகக் கொடுப்பதற்காகவே அதை அடர்த்தியாகத் தயாரிக்கிறார்கள். சிரப் தீர்ந்துவிட்டது, சொட்டு மருந்து இருக்கிறதே என்று எடுத்து வழக்கம்போல் 5 மில்லி ஊற்றினால், அந்த 12 கிலோ குழந்தைக்கு 500 மி.கி. போய்விடும். "போன தடவை எத்தனை மில்லி கொடுத்தோம்?" என்று மட்டும் நினைவில் வைத்தால் போதாது. எந்தப் பாட்டில், 5 மில்லியில் எத்தனை மி.கி. என்பதும் சேர்ந்து நினைவிருக்க வேண்டும். பாட்டிலின் மேலேயே பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு, குழந்தை அழும்போது, தூக்கக் கண்ணோடு பொடி எழுத்தைப் படிக்க யாராலும் முடியாது.

அளக்க, பாட்டிலோடு வரும் மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோதான் வேண்டும். சமையலறைக் கரண்டி 5 மில்லிக்குக் கூடவும் கொள்ளும், குறையவும் கொள்ளும். யார் எப்போது கொடுத்தார்கள் என்று ஒரு தாளில் குறித்து வைப்பதும் அவசியம். அப்பா ஒருமுறை, பாட்டி ஒருமுறை என்று இரட்டை டோஸ் போவது சாதாரணமாக நடக்கிறது.

ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். வைரஸ் காய்ச்சலின்போது கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி வரலாம். பதினாறு வயது வரை மருத்துவர் சொன்னாலன்றிக் கூடாது. இருமல், சளி சிரப்புகளையும் நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. அந்த வயதில் பலன் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, மயக்கமும் மூச்சுத் தொந்தரவும் வரக்கூடும்.

4. மருந்து சரிதான், உங்களுக்குச் சரியா?

மருந்துக்கடையில் பேர் சொல்லி வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், உங்கள் நிலையை வாய்விட்டுச் சொல்லுங்கள். "எனக்கு பிரஷர் இருக்கிறது, இந்த இரண்டு மாத்திரை தினமும் போடுகிறேன், இதோடு இதைப் போடலாமா?" என்று மருந்தாளரிடம் கேட்க அரை நிமிடம் போதும். அதற்காகப் படித்தவர் அவர். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கட்டாயம் கேட்க வேண்டியவர்கள் கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள், சிறுநீரகம், கல்லீரல், இதயம், இரைப்பைப் புண் என்று ஏதாவது இருப்பவர்கள், தினசரி மாத்திரை சாப்பிடுபவர்கள். சில சேர்க்கைகளைத் தெரிந்தே வைத்துக்கொள்வது நல்லது.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர் இபுப்ரோஃபென் போட்டால் உள்ளே ரத்தக்கசிவு ஏற்படலாம். இதயத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுப்பவர் இபுப்ரோஃபென் சேர்த்தால் ஆஸ்பிரின் தரும் பாதுகாப்பு குறையலாம். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மருந்து, சிறுநீர் பெருக்கி ஒன்று என்று எடுத்துக்கொண்டிருக்கும் முதியவர் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கும் அபாயம் உண்டு. மூட்டுவலிக்கு மேலே பூசும் ஜெல் ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். வயதானவர்களுக்கு முதலில் அதைப் பற்றித்தான் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.

கர்ப்ப காலத்தில் 20 வாரத்துக்குப் பிறகு இந்த வலிமருந்துக் குடும்பத்தைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் எச்சரித்தது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதே காரணம்.

சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் தூக்கத்தைக் கொண்டுவரும். போட்டுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது, மது கூடவே கூடாது. முதியவர்களுக்குக் குழப்பம், தடுமாறி விழுதல், சிறுநீர் அடைத்துக்கொள்வது வரை போகலாம். மூக்கடைப்பு மாத்திரையில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும். அதே வேலைக்கு என்று விற்கப்படும் ஃபினைல்எஃப்ரின் மாத்திரையாகச் சாப்பிட்டால் மூக்கடைப்புக்குப் பலனே தருவதில்லை என்று 2023இல் அமெரிக்க நிபுணர் குழு முடிவுக்கு வந்தது. பலனற்ற ஒன்றுக்காகப் பக்கவிளைவைத் தாங்குவானேன்?

அமிலத்துக்குக் குடிக்கும் ஆன்டாசிட், கால்சியம், இரும்புச்சத்து ஆகியவை தைராய்டு மாத்திரையை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். நடுவில் நான்கு மணி நேரம் விடுங்கள்.

இயற்கையானது, மூலிகைதானே என்று சொல்லி மறைத்துவிடாதீர்கள். மனச்சோர்வுக்கு விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை கருத்தடை மாத்திரையின் பலனையே குறைத்துவிடும். வைட்டமினும் அப்படித்தான். 60,000 யூனிட் வைட்டமின் டி பொதுவாக வாரம் ஒன்று என்று எழுதித் தரப்படுவது. அதைத் தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை கொண்டுபோகும்.

5. எத்தனை நாள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

முதல் மாத்திரை போடும்போதே கடைசி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். சீட்டில்லாத மருந்து எதுவும் மாதக்கணக்கில் போடுவதற்கானது அல்ல.

மூக்கில் விடும் ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்துகள் சில நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். நாள் கணக்கில் விட்டால் மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. வருடக்கணக்கில் பாட்டிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் உண்டு. லேபிளைப் பொறுத்து மூன்று முதல் ஏழு நாள், அதோடு நிறுத்துங்கள்.

தலைவலியிலும் இந்தச் சுழல் உண்டு. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலிமாத்திரை, மூன்று மாதத்துக்கு மேலாகப் போடுகிறவர்களுக்கு மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். பல மருந்து கலந்த வலிமாத்திரை என்றால் மாதத்தில் 10 நாளே அதற்குப் போதும். நாட்காட்டியில் மாத்திரை போட்ட நாளில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள், எண்ணிக்கை உங்களையே திடுக்கிட வைக்கலாம்.

ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மருந்து நாமாகப் போடுவதென்றால் 14 நாள். விழுங்கச் சிரமம், எடை குறைவது, கறுப்பு மலம் இருந்தால் ஒரு நாள்கூட வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.

வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து ஓஆர்எஸ் எனப்படும் உப்பு, சர்க்கரைக் கரைசல். பாக்கெட்டில் 200 மில்லிக்கா, ஒரு லிட்டருக்கா என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கேடாகும். போக்கை நிறுத்தும் லோபரமைடு பெரியவர்களுக்கு மட்டும், இரண்டு நாளுக்குள். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் கூடாது. அளவு மீறினால் இதயத் துடிப்பையே குலைக்கும்.

6. கேட்டால் கிடைக்கும் என்றாலும் வாங்கக் கூடாதவை

ஆன்டிபயாடிக் முதல் இடம். சளியும் ஃப்ளூவும் வைரஸால் வருபவை, ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. மூன்றாம் நாள் சளி குறைந்தால் மாத்திரையால் குறைந்தது என்று நம்பிவிடுகிறோம். அது தானாகவே குறைந்திருக்கும். இதற்கிடையில் உடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் மருந்துக்கு அசையாமல் நிற்கப் பழகுகின்றன. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றுகளால் 2019இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். போன தடவை மீந்த நான்கு மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணம் தந்த மாத்திரை இரண்டையும் நாமாகப் போடுவதும் இதே தவறுதான்.

அடுத்தது ஸ்டீராய்டு களிம்பு. படர்தாமரையில் தடவினால் அரிப்பும் சிவப்பும் உடனே அடங்கும், குணமானது போலவே தோன்றும். உள்ளே பூஞ்சை வளர்ந்துகொண்டே போய், நிறுத்தியதும் இரண்டு மடங்காகப் பரவி நிற்கும். முகம் வெளுக்க என்று தடவுகிறவர்களுக்குத் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். களிம்பு டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டுதான். தூக்க மாத்திரையும் நாமாக வாங்கக் கூடாதது.

7. வீட்டில் வைத்துக்கொள்வது

அட்டையில் காலாவதி தேதி பெரும்பாலும் ஓர் ஓரத்தில்தான் அச்சிட்டிருக்கும். மாத்திரையை அந்த ஓரத்திலிருந்து வெட்டினால் மீதிக்குத் தேதியே இருக்காது, பெயரும்கூடச் சில நேரம் போய்விடும். எதிர் ஓரத்திலிருந்து வெட்டுங்கள். கடையில் வெட்டித் தரும்போதும் தேதி இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். குளியலறை அலமாரி ஈரம், அடுப்பங்கரை சூடு, இரண்டும் மாத்திரைக்கு ஆகாது. ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அது சிதைந்துவிட்டது. கண் சொட்டு மருந்தைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுதி, லேபிள் வேறு சொல்லாவிட்டால் நான்கு வாரத்தில் எறிந்துவிடுங்கள். குழந்தைகளிடம் மாத்திரையை மிட்டாய் என்று சொல்லிக் கொடுக்கவே கூடாது.

மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை, அதாவது எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று பெயரின் பின்னால் எழுதியிருப்பவற்றை, உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. நாள் முழுக்கச் சேர வேண்டியது ஒரேயடியாகச் சேர்ந்துவிடும்.

8. ஏதாவது ஆகிவிட்டால்

உதடு, நாக்கு வீங்குவது, மூச்சு இரைப்பது, மருந்து போட்ட சில நிமிடத்தில் உடல் முழுக்கத் தடிப்பு என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து தொடங்கிச் சில நாள் அல்லது வாரம் கழித்து வாய்ப்புண்ணோடு தோல் கொப்புளித்து உரிந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அளவு மீறிப் போட்டதாகத் தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். உப்புத் தண்ணீர் கொடுப்பதும் வேண்டாம். எந்த மருந்து, எத்தனை மி.கி., எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி, காலி அட்டையையும் பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தெரிந்தே போட்டிருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், சிகிச்சை அந்த நேரக் கணக்கை வைத்துத்தான் முடிவாகும்.

நிலைமை சீரானபின், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அதன் உட்கூறுப் பெயரைக் கைப்பேசியிலும் பணப்பையில் ஒரு சீட்டிலும் எழுதி வையுங்கள். மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யப் பல நாடுகளில் அரசு அமைப்புகள் இருக்கின்றன. மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டால் வழி சொல்வார்கள். அட்டையில் இருக்கும் பேட்ச் எண்ணையும் அங்கே கேட்பார்கள், எனவே அதுவரை அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.